ஹாம்லெட்டுக்கு ஒரு மருத்துவச் சான்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக இலக்கியத்தின் புகழ்பெற்ற கதைமாந்தர்கள் சிலருக்கு இன்றைய மனநல மருத்துவம் என்ன நோய் என்று சொல்லும் என ஆராய்ந்த கட்டுரையைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் படித்தேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டுக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு இருந்தது என்றும், அரசனின் அமைச்சர் பொலோனியஸைக் கொன்றபோது அவன் தன்னிலையில் இல்லை என்றும், ஆகவே இன்றைய நீதிமன்றம் எதுவும் அவனை விடுதலை செய்திருக்கும் என்றும் அதில் மூன்றே வாக்கியங்களில் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. முதல் வாக்கியத்தை மருத்துவர்களிடம் விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டும் என் தொழிலைச் சேர்ந்தவை. முப்பத்தைந்து ஆண்டுகள் குற்றவியல் வழக்குகள் நடத்தியவன், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த பழக்கத்தால் அந்த நாடகத்தை ஆண்டுக்கொரு முறையாவது எடுத்துப் புரட்டுபவன் என்ற இரு உரிமைகளிலும் இந்த மறுப்பை எழுதுகிறேன்.

ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அவர் செய்த குற்றத்துக்கு அவரைப் பொறுப்பாக்கலாமா என்பது வேறொரு கேள்வி. 1843இல் இங்கிலாந்துப் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மெக்நாட்டன் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று விடுவிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில், பிரபுக்கள் சபை கேட்டதற்கிணங்க நீதிபதிகள் வகுத்துக் கொடுத்த விதிகள்தாம் இன்றுவரை நமக்கும் அடிப்படை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக இருக்கும் அந்த விதிவிலக்கு, குற்றம் செய்த அந்த வேளையில், தான் செய்வது என்ன என்றோ, அது தவறானது அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்றோ சித்தசுவாதீனக் குறைவால் அறிய இயலாத நிலையில் இருந்தவரை மட்டுமே காக்கிறது. முந்தைய ஆண்டு அவர் எப்படி இருந்தார், மறு மாதம் எப்படி ஆனார் என்பதெல்லாம் அந்த வேளையின் மீது வெளிச்சம் போடும் அளவுக்குத்தான் பயன்படும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிப்பதை மட்டும் கொண்டு அவர் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ளலாகாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்று தன் 3ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. கட்டுரையாளர் நோயின் பெயரிலிருந்து நேரே விடுதலைக்குத் தாவியது அந்தப் பிரிவு தடுக்கும் தாவலேதான்.

என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், தன் சிற்றப்பாவை வெட்டிக் கொன்ற ஓர் இளைஞனுக்காக வாதாடினேன். அவன் மூன்றாண்டுகளாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான் என்பதற்கும், குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்திருந்தார்கள் என்பதற்கும் சாட்சிகள் இருந்தார்கள். ஆனால் வெட்டியபின் பம்புசெட் தொட்டியில் அரிவாளைக் கழுவி, வீட்டுக்கு வந்து இறவானத்தில் செருகி வைத்தான் என்பதை அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டது. தடயத்தை அழித்தவனுக்குத் தவறு எது என்று தெரிந்திருக்கிறது என்பது அவர்கள் வாதம். நாள்தோறும் வேலை முடிந்ததும் அரிவாளைக் கழுவிச் செருகுகிற கைக்கு அது அறிவா, பழக்கமா என்று மருத்துவரைக் குறுக்கு விசாரணையில் கேட்டேன். சிறிது யோசித்து, "இரண்டும் இருக்கலாம்" என்றார். செஷன்ஸ் நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. மேல்முறையீட்டில் அந்த இரு சொற்கள்தாம் அவனுக்குச் சந்தேகத்தின் பலனைப் பெற்றுத் தந்து, சிறையிலிருந்து மனநல மருத்துவமனைக்கு மாற்றின.

இதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பொலோனியஸ் கொலைக்கு வருவோம். தந்தையின் கொலையைப் போன்ற காட்சியை நடிக்க வைத்து, தந்தையைக் கொன்று தாயை மணந்துகொண்ட சிற்றப்பாவான அரசன் கிளாடியஸின் முகம் வெளிறியதைப் பார்த்துவிட்ட ஹாம்லெட், தாயின் அறைக்குப் போகும் வழியில் அரசன் மண்டியிட்டுத் தொழுதுகொண்டிருப்பதைக் காண்கிறான். வாளை உருவுகிறான். தொழும்போது கொன்றால் இவன் சொர்க்கத்துக்கல்லவா போவான், குடித்துக் கிடக்கும்போதோ சூதாடும்போதோ கொன்றால்தான் நரகம் நிச்சயம் என்று கணக்குப் போட்டு வாளை உறையில் இடுகிறான். கேட்பவருக்கு ரத்தம் உறையும் கணக்குதான், ஆனாலும் கணக்கு. அடுத்த காட்சியில், தாயின் அறைத் திரைக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டதும் திரையோடு சேர்த்துக் குத்துகிறான். "என்ன செய்துவிட்டாய்" என்று தாய் அலற, "தெரியாது, அரசனா?" என்று கேட்கிறான். திரையை விலக்கிப் பிணத்தைப் பார்த்ததும், உன்னைவிடப் பெரியவன் என்று எண்ணினேன் என்கிறான். ஒருவரைக் கொல்லக் கருதி இன்னொருவரைக் கொன்றாலும் கொலைப் பொறுப்பு நீங்காது என்பது நம் சட்டத்தில் பழைய 301ஆம் பிரிவு, இன்றைய 102ஆம் பிரிவு. திரைக்குப் பின்னால் எலி இருப்பதாகக் கத்திக்கொண்டே குத்தினாலும், குத்துப்படுவது மனிதன் என்பதும், அவன் யாராக இருக்க வேண்டும் என்று தான் விரும்பினான் என்பதும் ஹாம்லெட்டுக்குத் தெரிந்தே இருந்தன.

எதிர்த்தரப்பு வழக்குரைஞனாக நான் நின்றிருந்தால் ஒரு கேள்வியை விட்டிருக்க மாட்டேன் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். சற்று முன்புதான் வேறோர் அறையில் மண்டியிட்டிருந்தவனாகக் கண்ட அரசன், தனக்கு முந்தி வந்து தாயின் அறைத் திரைக்குப் பின்னால் எப்படி ஒளிந்திருக்க முடியும்? நிதானத்தில் இருந்தவன் அப்படி நினைத்திருப்பானா? இந்த நாடகத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் இடறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆயினும், ஆத்திரத்தில் இருப்பவன் நேரக்கணக்குப் பார்ப்பதில்லை என்பதற்கு எந்தக் காவல் நிலையத்தின் கோப்பும் சாட்சி சொல்லும். ஆத்திரம் பழைய 84ஆம் பிரிவுக்குள்ளும் வராது, இன்றைய 22ஆம் பிரிவுக்குள்ளும் வராது.

கொலைக்குப் பின் நடந்தவை அவனுக்கு மேலும் பாதகமானவை. தாயுடன் பேசிக்கொண்டிருக்கும்போது தந்தையின் ஆவி தோன்றுகிறது. தாய்க்கு அது தெரியவில்லை. உன் மூளையின் கற்பனை என்கிறாள். கட்டுரையாளர் இதை மாயத்தோற்றம் என்று எழுதியிருக்கிறார். நாடகத்தின் தொடக்கத்தில் அதே ஆவியைக் காவலர்களான பெர்னார்டோவும் மர்செல்லஸும், எதையும் எளிதில் நம்பாத ஹொரேஷியோவும் கண்டார்கள் என்பதை அவர் குறிப்பிடவே இல்லை. மூவர் கண்டதை ஒருவரின் நோய்க்குறி என்று குறிப்பெழுத எந்த மருத்துவருக்கும் கை வராது. தாயின் குற்றச்சாட்டுக்கு ஹாம்லெட் தரும் பதில்தான் எனக்கு வியப்பு. என் நாடியைப் பிடித்துப் பார், உன் நாடியைப் போலவே சீராக அடிக்கிறது. என்னைச் சோதித்துப் பார், இப்போது சொன்னதையே மீண்டும் மாற்றாமல் சொல்கிறேன், பைத்தியமாக இருந்தால் அதைவிட்டு வேறெங்கோ ஓடும் என்கிறான். தனக்குத் தானே பரிசோதனை முறை ஒன்றை வகுத்துக் கொடுத்து அதில் தேறிக் காட்டவும் முன்வரும் எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) நான் தொழிலில் சந்தித்ததில்லை. அதோடு நில்லாமல், நான் உண்மையில் பைத்தியமல்ல, தந்திரத்துக்காகப் பைத்தியம் என்பதை அரசனிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொள்கிறான். பிறகு பிணத்தை இழுத்துக்கொண்டு போய் மாடிப்படி அருகே மறைத்து வைக்கிறான். எங்கே என்று கேட்டவர்களிடம் புழுக்களின் விருந்தைப் பற்றிப் பேசி அலைக்கழிக்கிறான். மறைத்தது அறிவா, பித்தா? என் கட்சிக்காரனின் அரிவாளைப் பற்றி நான் கேட்டதை இங்கும் கேட்கலாம். "இரண்டும் இருக்கலாம்" என்று சொல்ல இங்கே கூண்டில் மருத்துவர் இல்லை என்பதுதான் வேறுபாடு.

இறுதிக் காட்சியில் வாட்போருக்கு முன் பொலோனியஸின் மகன் லேயர்டிஸிடம் மன்னிப்புக் கேட்கும்போதோ, உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் அல்ல, ஹாம்லெட்டின் பித்து. அந்தப் பித்து ஹாம்லெட்டுக்கும் பகைதான் என்கிறான். அரசவை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, கொலையுண்டவரின் மகனுக்கு எதிரில் சொல்லப்பட்ட வாதம் இது. தனியறையில் தாயிடம் சொன்னதற்கு நேர் மாறானது. ஒரே எதிரியின் இரண்டு வாக்குமூலங்கள் முரண்பட்டால், எது யாரிடம், எந்த லாபத்தை எதிர்பார்த்துச் சொல்லப்பட்டது என்று பார்ப்பதே வழக்கம். இரண்டுக்கும் இடையில் அவன் கப்பலில் நள்ளிரவில் எழுந்து, தன்னைக் கொல்லச் சொல்லும் அரச ஓலையைத் திருட்டுத்தனமாகப் பிரித்து, அதற்குப் பதிலாகத் தோழர்கள் ரோசன்கிராண்ட்ஸையும் கில்டன்ஸ்டர்னையும் கொல்லச் சொல்லும் ஓலையை அழகான கையெழுத்தில் தயாரித்து, தந்தையின் முத்திரையால் முத்திரையிட்டு வைத்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் நீதிபதி, அந்த மன்னிப்பை மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தள்ளுபடி செய்வார்.

நாடகத்துக்குள்ளேயே ஹாம்லெட்டைப் பைத்தியம் என்றவர்கள் யார் யார் என்று பார்த்தால் இந்த வழக்கின் இன்னொரு முகம் தெரியும். பொலோனியஸுக்கு அது தன் மகள் ஒஃபீலியா மீது கொண்ட காதல் நிறைவேறாத பித்து. தன் மகளின் அழகுக்கு அதில் பெருமையும் உண்டு. தாய் கெர்ட்ரூடுக்கு, தந்தையின் மரணமும் தன் அவசரத் திருமணமும்; குற்ற உணர்வு பேசுகிறது. உளவு பார்க்க வந்த தோழர்களுக்கு, நிறைவேறாத பதவி ஆசை. அரசன் மட்டும் ஒளிந்திருந்து ஹாம்லெட் ஒஃபீலியாவிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, இவன் பேச்சு கொஞ்சம் ஒழுங்கற்று இருந்தாலும் பைத்தியத்தின் பேச்சு அல்ல என்று சரியாகவே கணிக்கிறான். கணித்துவிட்டு, அதே காட்சியின் கடைசி வரியில், பெரியவர்களின் பைத்தியத்தைக் கண்காணிக்காமல் விடக் கூடாது என்று ஊருக்கு ஒரு தீர்ப்புச் சொல்கிறான். பின்னர், என் தந்தையைக் கொன்றவன் மீது ஏன் வழக்கு நடத்தவில்லை என்று லேயர்டிஸ் கேட்கும்போது, அரசன் இரண்டு காரணங்கள் சொல்கிறான்: அரசிக்கு மகன் மீது உள்ள பாசம், மக்களுக்கு அவன் மீது உள்ள அன்பு. அவன் பைத்தியம் என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. அடிமை ஓலையோடு வழக்காட வந்த முதியவரைப் பார்த்து "பித்தனோ மறையோன்" என்று சுந்தரர் கேட்டதும், வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போய் மூல ஓலை வெளிவந்ததும் அந்தச் சொல் செல்லாமல் போனதும் பெரியபுராணத்தில் நாம் படித்ததுதானே. எதிராளியைப் பித்தன் என்பது வழக்காடுகிறவர்களின் மிகப் பழைய ஆயுதம்.

ஹாம்லெட் பித்தனாக நடிக்க வேண்டிய தேவைதான் என்ன என்று கேட்டவர்கள் முன்பே உண்டு. அவன் கதையை 1200ஆம் ஆண்டையொட்டி எழுதிய டென்மார்க் வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமாட்டிகஸின் நூலில், தம்பி அண்ணனைக் கொன்றது ஊரறிந்த செய்தி. வாரிசான சிறுவன் உயிர்பிழைக்க வேண்டுமானால் புத்தி பேதலித்தவனாக நடித்தே தீர வேண்டும். ஷேக்ஸ்பியரோ கொலையை யாருக்கும் தெரியாத ரகசியமாக்கிவிட்டு, நடிப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். அதனால் பாதுகாப்பு தேடி நடிப்பவன், நடிப்பாலேயே அரசனின் சந்தேகத்தைத் தேடிக்கொள்கிறான். இந்த நடிப்புக்குப் போதிய காரணமே இல்லை என்று சாமுவேல் ஜான்சன் 1765இலேயே குறை சொன்னார். அந்தக் குறையிலிருந்துதான் பின்வந்த நோய்ப் பெயர்கள் எல்லாம் முளைத்தன என்பது என் கருத்து: 1904இல் ஏ. சி. பிராட்லி அதைப் பெருந்துயரம் என்றார். ஃப்ராய்டும் அவர் வழியில் எர்னஸ்ட் ஜோன்ஸும் தாய் மீதான ஆழ்மன வேட்கை என்றார்கள். இப்போது தங்கள் கட்டுரையாளர் இருதுருவம் என்கிறார். ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிருப்பில் உள்ள நோயை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. தமிழில் இந்த நாடகத்தை 'அமலாதித்யன்' என்று தழுவி எழுதி, சுகுண விலாச சபையில் தாமே நடித்த பம்மல் சம்பந்த முதலியாரும் வழக்குரைஞர்தான், பின்னாளில் சென்னை சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டு.

கதைமாந்தரைச் சோதிக்க முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹாம்லெட்டின் வாக்குமூலமே மூன்று வடிவங்களில் நம்மிடம் இருக்கிறது: 1603இன் குறும்பதிப்பு, 1604-05இன் நீண்ட பதிப்பு, 1623இன் பெருந்தொகுப்பு. பழிவாங்காமல் காலம் கடத்துவதற்குத் தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்துகொள்ளும் நீண்ட தனிமொழி, நார்வே நாட்டுப் படையைக் கண்டதும் அவன் பேசுவது, இரண்டாவதில் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. அவன் சிந்தனைத் தெளிவுக்கு அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரித்து எழுதிய வாக்குமூலமாக இருந்திருந்தால், எந்தப் பக்கம் யாரால் நீக்கப்பட்டது என்று விசாரணை அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருப்போம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆந்தனி கென்னடி, பொலோனியஸைக் கொன்றபோது ஹாம்லெட் சித்தசுவாதீனத்தோடு இருந்தானா என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு உண்மையான வழக்குரைஞர்களையும் மனநல நிபுணர்களையும் வைத்து மாதிரி விசாரணைகள் நடத்தியிருக்கிறார். 2007இல் வாஷிங்டனில் நடந்ததில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. நிபுணர்கள் கேட்க விரும்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்சிக்காரன் வரமாட்டான் என்கிறபோது வேறென்ன நடக்கும்?

ஹாம்லெட்டைச் சுற்றி இத்தனை சந்தடி நடக்க, அதே நாடகத்தில் நோய் உண்டா இல்லையா என்று எவரும் வாதிடாத ஒருத்தியைத் தங்கள் கட்டுரை ஒரே அடைமொழியோடு கடந்துவிட்டது. தந்தையின் சாவுக்குப் பின் ஒஃபீலியா அரசவையில் பாடிக்கொண்டு வருகிறாள். பூக்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறாள். அவளை நெருங்கிக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அரசன் ஆணையிடுகிறான். அப்படி ஆணையிட்ட பிறகும் அவள் தனியாக ஓடைக்குப் போகிறாள், கிளை முறிந்து நீரில் விழுகிறாள். அவள் ஆடை விரிந்து சிறிது நேரம் மிதக்க, பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டே, தன் ஆபத்தை அறிய இயலாதவள் போல இருந்தாள் என்கிறாள் அரசி. பழைய 84ஆம் பிரிவை ஆங்கிலத்தில் படித்தவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். 'அறிய இயலாத' என்பதற்கு அந்தப் பிரிவு ஆளும் சொல்லும் அரசியின் வாயில் வரும் சொல்லும் ஒன்றே: incapable. நாடகம் அந்தச் சொல்லை ஒஃபீலியாவுக்குத் தந்திருக்கிறது.

சித்தசுவாதீனம் பற்றி நாடகத்தில் நடந்த அதிகாரபூர்வமான விசாரணையும் அவளைப் பற்றியதுதான். அவள் அறிந்து உயிரைவிட்டாளா, அறியாமலா என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதைக் குழிவெட்டிகள் இருவர் மண்ணைத் தோண்டிக்கொண்டே அலசுகிறார்கள். தண்ணீர் மனிதனிடம் வந்தால் அவன் குற்றவாளியல்ல, மனிதன் தண்ணீரிடம் போனால் குற்றவாளி என்று ஒருவன் சட்டம் பேசுகிறான். நீரில் மூழ்கி உயிரைவிட்ட ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதியின் சொத்து யாருக்கு என்று பதினாறாம் நூற்றாண்டில் நடந்த வழக்கின் வாதங்களை ஷேக்ஸ்பியர் இங்கே பகடி செய்கிறார் என்பதைச் சட்ட மாணவர்களும் அறிவார்கள். அவள் உயர்குடிப் பெண்ணாக இல்லாவிட்டால் இந்தக் கிறித்தவ அடக்கம் கிடைத்திருக்காது என்று மற்றவன் சொல்கிறான். பாதிரியாரோ மரணம் ஐயத்துக்குரியது என்று சொல்லிச் சடங்குகளைக் குறைத்துவிடுகிறார். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு நம் நாட்டில் சொன்ன பிறகும், பாதிரியாரின் அந்தக் குரலை நான் பிணவறை வாசல்களில் கேட்டிருக்கிறேன்.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் உள்ளது. பொலோனியஸ் கொல்லப்பட்ட பிறகுதான் ஹாம்லெட் தொழும் அரசனைக் காண்கிறான் என்று அச்சாகியிருக்கிறது. உண்மையில் தொழும் காட்சிதான் முதலில் வருகிறது. இரண்டும் மூன்றாம் அங்கத்தில் அடுத்தடுத்த காட்சிகள். வரிசை மாறினால் கொலைக்கு முந்தைய அந்தக் கணக்கு கொலைக்குப் பிந்தைய வருத்தம் போலத் தோன்றிவிடும். கட்டுரையாளரின் முடிவு அந்தத் தோற்றத்தின் மீதே நிற்கிறது. அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்குரைஞர் ஒருவர்,
கும்பகோணம்.